அகத்தியர் மலை முனையில் சூரியன்: ஆப், கணக்கு, கண் – எதை நம்பலாம்?

களியக்காவிளை, பாறசாலை, வெள்ளறடை பக்கம் இருப்பவர்களுக்கு முதலில் ஓர் ஏமாற்றத்தைச் சொல்லிவிட வேண்டும். அகத்தியர் மலை முனைக்கு நேராகச் சூரியன் உதிப்பதை நம் ஊரிலிருந்து எந்த நாளிலும் பார்க்க முடியாது. தை பிறந்து, வானம் தெளிந்து, மலை நீலமாகத் தெரியத் தொடங்கியதும் டீக்கடையில் இந்தப் பேச்சு வரும். யாராவது ஒருவர் போனை எடுத்து ஆப்பைத் திறப்பார். ஆப் என்ன செய்யும் பாவம்? மலை நமக்கு வடக்கே நிற்கிறது, கிழக்கே கொஞ்சம்தான் ஒதுங்கியிருக்கிறது. சூரியன் அவ்வளவு வடக்கே போவதே இல்லை.

இந்த அட்சரேகையில், அதாவது எட்டரை டிகிரி வடக்கை ஒட்டி, சூரியன் உதிக்கும் திசை வடக்கிலிருந்து எண்ணினால் 66 டிகிரிக்கும் 114 டிகிரிக்கும் நடுவே ஆண்டு முழுக்க ஊசலாடும். ஜூன் 21 வாக்கில் வடக்குக் கோடி, டிசம்பர் 21 வாக்கில் தெற்குக் கோடி. மறையும் திசையும் இதேபோல 246 முதல் 294 வரை. இதற்கு வெளியே உங்கள் மலை நின்றால், உலகத்தில் எந்த முறையும் உங்களுக்கு நாள் குறித்துத் தராது. நெய்யாறு அணையிலிருந்து அகத்தியர் மலை எடுப்பாகத் தெரியும், படம் எடுக்காதவர் இல்லை. ஆனால் அங்கிருந்து மலை இருக்கும் திசை சுமார் 50 டிகிரி. சூரியனின் வடக்குக் கோடிக்கும் அதற்கும் பதினைந்து டிகிரிக்கு மேல் இடைவெளி. ஆக, பேர்போன அந்த இடமும் இந்த வேலைக்கு ஆகாது.

சரி, எங்கே நிற்கலாம்? மலை முனையிலிருந்து மேற்கே ஒரு விசிறியை விரித்தால் அதற்குள் வரும் ஊர்களில் உதயம் கிடைக்கும். திருவனந்தபுரம் கோட்டைப் பகுதி இந்த விசிறியின் தெற்கு விளிம்பை உரசுகிறது. அங்கே ஜூன் மாதத்தில்கூட மயிரிழையில் தப்பிப்போகும், போதாக்குறைக்கு அது இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழைக்காலம். வடக்கே நகர நகர, தும்பை, கழக்கூட்டம், நெடுமங்காடு, ஆற்றிங்கல், வர்க்கலை என்று நாள்கள் மாறிக்கொண்டே வரும். நெடுமங்காட்டுக் கோடு, அதாவது ஊரும் முனையும் சூரியனும் ஒரே நேரில் வரும் நாள், ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் விழுகிறது. ஆற்றிங்கலில் பிப்ரவரி கடைசி. மலைக்குக் கிழக்கே இன்னொரு விசிறி உண்டு: அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி. அங்கே கிடைப்பது அஸ்தமனம்.

திசை நாளைச் சொல்லும், உயரம் மணியைச் சொல்லும்

முறைகளை ஒப்பிடும் முன், எதை வைத்து ஒப்பிடுவது என்று ஒரு தெளிவு வேண்டும். சூரியன் எங்கே இருக்கும் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. எந்த ஆப்பை எடுத்தாலும், எந்தத் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை எடுத்தாலும் அந்தக் கணக்கு நமக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு துல்லியமாகவே இருக்கும். பிழை வருவது மலையிலும், நீங்கள் நிற்கும் இடத்திலும்தான். மலை உங்களுக்கு எந்தத் திசையில், எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறது என்ற இரண்டு எண்ணையும் யார் சரியாகத் தருகிறார்களோ அவர்கள் முறைதான் சரி.

இதில் நம் பக்கத்துக்கு ஒரு சலுகை உண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாகவே எழும்புகிறது. ஒரு டிகிரி மேலே ஏறும்போது பக்கவாட்டில் நகர்வது 0.15 டிகிரிதான். ஆகவே மலையின் உயரத்தைக் கொஞ்சம் தப்பாக எடுத்தாலும் நாள் மாறாது. ஒரு டிகிரிக்கு நாலு நிமிடம் என்ற வீதத்தில் மணிதான் மாறும். ஜப்பானில் கதையே வேறு. ஃபூஜி மலை முனையில் சூரியன் வைரம் மாதிரி மின்னுவதை ‘டைமண்ட் ஃபூஜி’ என்று கொண்டாடுகிறார்கள். தோக்கியோ பக்கம் அட்சரேகை 35 டிகிரிக்கு மேல், சூரியன் சாய்ந்துதான் எழும், சாய்ந்துதான் இறங்கும். அங்கே மலையின் ஏற்றக்கோணத்தில், அதாவது அடிவானத்துக்கு மேல் அது தெரியும் உயரத்தில், இரண்டு டிகிரி தப்பினால் நாளே மூன்று நாள் தள்ளிப்போகும். அதனால் அவர்கள் ‘கஷ்மீர் 3டி’ என்ற மென்பொருளில் மலையையும் சூரியனையும் வரைந்து பார்த்துத்தான் கிளம்புகிறார்கள். நமக்கு அந்த அளவு பாடு இல்லை. நாம் பயப்பட வேண்டியது திசையில்.

திசைப் பிழையின் விலை என்ன? பிப்ரவரி கடைசியில் சூரியன் ஒரு நாளைக்கு 0.37 டிகிரி வடக்கே நகர்கிறது. மார்ச்சு, செப்டம்பர் சமநாள்களில் 0.4 டிகிரி. சூரியனின் அகலமோ அரை டிகிரிக்குச் சற்று மேல். அரை டிகிரி தப்பினால் சூரியன் முனையை விட்டு விலகிப் பக்கத்துச் சரிவில் எழும்பும். ஐந்து டிகிரி தப்பினால் பதின்மூன்று நாள், அதாவது ஒரு முழு ஞாற்றுவேலையே (சூரியன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்கும் காலம்) கைவிட்டுப் போய்விடும்.

போன் திசைகாட்டி

இந்தப் போட்டியில் கடைசி இடம் இதற்குத்தான், சந்தேகமே வேண்டாம். போனை மலைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் திரையில் மலைக்கு மேலேயே சூரியன் போகும் பாதையை வரைந்து காட்டும் வசதி பல ஆப்களில் இருக்கிறது. பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் அது போனுக்குள் இருக்கும் காந்த உணரியை நம்பியிருக்கிறது. பக்கத்தில் பைக் நின்றால் பிசகும், கான்கிரீட் மொட்டை மாடியில் கம்பி இருந்தால் பிசகும், போன் உறையில் காந்தப் பூட்டு இருந்தால் கேட்கவே வேண்டாம். ஐந்து டிகிரி தப்புவது சர்வசாதாரணம். அதோடு காந்த வடக்கு உண்மையான வடக்கும் அல்ல. நம் பக்கத்தில் ஊசி ஒன்று முதல் இரண்டு டிகிரி வரை மேற்கே விலகி நிற்கும். போன் அமைப்பில் ‘உண்மையான வடக்கு’ என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அந்தப் பிழையும் சேர்ந்துகொள்ளும்.

இதே காந்த ஊசிக்காக இதே மலையில் ஒருவர் ஆய்வுக்கூடமே கட்டினார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில், 1837ல், திருவனந்தபுரத்தில் வானாய்வகம் தொடங்கியது. 1852 முதல் அதன் பொறுப்பில் இருந்த ஜான் ஆலன் பிரௌன் 1855ல் அகத்தியர் மலை மேலேயே ஒரு காந்த ஆய்வுக்கூடம் அமைத்தார். ஊசி நாளுக்கு நாள், வேளைக்கு வேளை எவ்வளவு அசைகிறது என்று கீழே நகரத்திலும் மேலே மலையிலும் அளந்த முடிவுகள் 1874ல் அச்சேறின. அட்டைகளும் மழையும் மேகமும் நிறைந்த அந்த உச்சியில் கருவியைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்த மனிதரை நினைத்தால், போனை எட்டுப் போட்டுச் சுழற்றிவிட்டு ‘திசைகாட்டி சரியாகிவிட்டது’ என்று நாம் நம்புவது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரே ஒரு சமயத்தில் இந்த வசதி உதவும். முந்தின நாள் காலையில் சூரியன் எழும்பிய உடனே, திரையில் வரையும் சூரியனை நிஜச் சூரியன் மேல் பொருத்திச் சரிசெய்துகொண்டால், அடுத்த சில நிமிடங்களுக்கு அது சொல்வதைக் கேட்கலாம்.

வரைபடத்தில் ஊசி குத்தும் ஆப்

ஃபோட்டோபில்ஸ் போன்ற ஆப்களில் வரைபடத்தின் மேல் இரண்டு ஊசி குத்தலாம். ஒன்று நீங்கள் நிற்கும் இடம், இன்னொன்று மலை முனை. இரண்டுக்கும் நடுவே திசை, தூரம், ஏற்றக்கோணம் எல்லாவற்றையும் அதுவே கணக்கிட்டுத் தரும். அந்தத் திசைக்கும் உயரத்துக்கும் சூரியன் எந்தெந்த நாள் வரும் என்று தேடிப் பட்டியலும் போடும். திசைகாட்டியே வேண்டாம், எல்லாம் வரைபடக் கணக்கு. நாள் குறிப்பதில் இந்த முறைக்கே என் முதல் ஓட்டு.

கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் தம்பி ஒருவன் இதைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடுவான். “அண்ணே, ஆப் எல்லாம் காட்டுதுல்லா, பின்ன என்ன?” என்பான். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் விடமாட்டார்: “லேய் மக்கா, மலை எங்க நிக்குன்னு ஆப்புக்குச் சொல்லிக் குடுத்தது யாரு? நீதானே?”

சார் சொல்வதில் விஷயம் இருக்கிறது. மலை ஊசியை எங்கே குத்தினோம் என்பதில்தான் எல்லாம். செயற்கைக்கோள் படத்தில் அகத்தியர் மலை உச்சி காடும் நிழலுமாகத்தான் தெரியும், முனை எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. பெயர் எழுதியிருக்கும் இடம் முனையாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஐந்நூறு மீட்டர் பக்கவாட்டில் தப்பாகக் குத்தினால், 47 கிலோமீட்டர் தள்ளி நிற்பவருக்கு அது 0.6 டிகிரி, ஒன்றரை நாள். ஆரியநாடு பக்கம் 17 கிலோமீட்டரில் நிற்பவருக்கு 1.7 டிகிரி, நாலு நாளுக்கு மேல். ஆகவே செயற்கைக்கோள் படத்தை விட்டுவிட்டு, சமஉயரக் கோடுகள் உள்ள வரைபடத்துக்கு மாறி, கோடுகள் சுருங்கி வளையமாகும் இடத்தில் குத்த வேண்டும். முனை ஏறத்தாழ 8 டிகிரி 37 நிமிடம் வடக்கு, 77 டிகிரி 15 நிமிடம் கிழக்கு. உயரம் 1868 மீட்டர்.

உயரத்தைப் பொறுத்தவரை ஆப்கள் நம்புவது பெரும்பாலும் விண்ணிலிருந்து அளந்த நில உயரத் தரவை. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் எடுத்த அளவீடு அதில் முக்கியமானது. தரையை முப்பது மீட்டர் கட்டமாக வெட்டிச் சராசரி எடுத்தது போன்ற தரவு என்பதால் கூர்மையான முனைகள் அதில் மழுங்கிவிடும். அகத்தியர் மலை மாதிரி கூம்பு முனை சில பத்து மீட்டர் குட்டையாகலாம். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது சில நொடி வித்தியாசம். அடிவாரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல். சூரியன் தன் முழு அகலமும் ஏற எடுத்துக்கொள்வதே இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் என்பதை நினைத்துக்கொண்டால், கிட்டே நிற்பவர் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியது புரியும்.

ஊசி ஆப் சொல்லாத ஒன்று உண்டு: அங்கே நின்றால் மலை உண்மையில் தெரியுமா? நடுவில் வேறொரு குன்று மறைக்கலாம். இதற்குப் பீக்ஃபைண்டர் நல்லது. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து தெரியும் மலைத்தொடர் முழுவதையும் கோட்டோவியமாக வரைந்து, ஒவ்வொரு முனைக்கும் பெயர் போட்டு, சூரியன் போகும் வழியையும் காட்டும். இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். ஆனால் அதற்குத் தென்னை தெரியாது, ரப்பர் தெரியாது, எதிர் வீட்டு மூன்றாம் மாடி தெரியாது. கேரளத்தில் பாதி மலைக்காட்சி தென்னை ஓலைக்குப் பின்னால்தான் இருக்கிறது.

வாத்தியார் கணக்கு

டோப்போ ஷீட்டும் (சமஉயரக் கோடுகள் உள்ள நில வரைபடம்) கால்குலேட்டரும் வைத்துச் செய்யும் கணக்கு பழைய பாணி என்று ஒதுக்கிவிட முடியாது. சூத்திரம் ஒன்றே ஒன்று: சூரியச் சாய்வின் (வான நடுக்கோட்டிலிருந்து சூரியன் வடக்கே அல்லது தெற்கே விலகி நிற்கும் கோணம்) சைன் என்பது, அட்சரேகை சைனையும் ஏற்றக்கோண சைனையும் பெருக்கி, அதோடு அட்சரேகை கோசைன், ஏற்றக்கோண கோசைன், திசைக்கோண கோசைன் மூன்றையும் பெருக்கிக் கூட்டினால் வருவது. சாய்வு கிடைத்துவிட்டால் அது எந்த நாளுக்கானது என்று அட்டவணையில் பார்க்க வேண்டியதுதான்.

ஒரு முறை போட்டுப் பார்ப்போம். ஆற்றிங்கல் பக்கம் 8.69 வடக்கு, 76.82 கிழக்கு என்று ஒரு புள்ளி. மலை அதற்குத் தெற்கே 0.073 டிகிரி, கிழக்கே 0.426 டிகிரி. இங்கே அட்சரேகையில் ஒரு டிகிரி 110.6 கிலோமீட்டர், தீர்க்கரேகையில் ஒரு டிகிரி 110 கிலோமீட்டர். ஆக, தெற்கே எட்டு கிலோமீட்டர், கிழக்கே 46.9 கிலோமீட்டர். திசை 99.8 டிகிரி, தூரம் 47.6 கிலோமீட்டர். இந்தத் தூரத்தில் பூமியின் வளைவு, காற்றின் ஒளிவிலகலையும் கழித்துப் பார்த்தால், மலையில் சுமார் 150 மீட்டரை விழுங்கிவிடும். நிற்கும் இடத்தின் உயரம் ஒரு நாற்பது மீட்டர் என்றால் மலை இரண்டு டிகிரி உயரத்தில் தெரியும். அந்த உயரத்தில் காற்று சூரியனைச் சுமார் 0.3 டிகிரி தூக்கிக் காட்டுவதால், சூத்திரத்தில் 1.7 போட வேண்டும். விடை: சாய்வு தெற்கே 9.4 டிகிரி. நாள்: பிப்ரவரி 24, அக்டோபர் 17 வாக்கில். அடிவானச் சூரியோதயத்துக்கு ஒன்பது நிமிடம் கழித்து முதல் கீற்று தெரியும்.

இதே கணக்கில் மலையின் உயரத்தை அடியோடு மறந்துவிட்டுச் செய்தால் சாய்வு 9.7 வரும். ஒரு நாள்கூட மாறவில்லை. முன்பு சொன்ன சலுகை இதுதான்.

கைக்கணக்கின் லாபம் விடை மட்டும் இல்லை. எந்த எண் எவ்வளவு முக்கியம் என்று கை வழியாகப் புத்திக்கு ஏறும். ஆப் பிப்ரவரி 24 என்று மட்டும் சொல்லும். கணக்குப் போட்டவருக்கோ 0.37 டிகிரி ஒரு நாள், அது இந்தத் தூரத்தில் பக்கவாட்டில் முந்நூறு மீட்டர் என்பதும் தெரியும். நஷ்டம், நேரம். சைனுக்குப் பதில் கோசைனைத் தட்டினால் சூரியன் அரபிக்கடல் பக்கம் உதிக்கும்.

ஸ்டெல்லேரியத்தை இந்த வரிசையில் வைக்கலாமா என்றால், வைக்கலாம். இலவசம், கணினியில் ஓடும், நீங்கள் எடுத்த சுற்றுக்காட்சிப் படத்தையே அடிவானமாக ஏற்றி ஆண்டின் எந்த நாளையும் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் அந்தப் படத்தைத் திசை பிசகாமல் பொருத்துவதற்குள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட அருமை, ஒரு காலைக் காட்சிக்கு அதிகம்.

பஞ்சாங்கம்

“மாசி பன்னிரண்டு வாக்கில் வரும்” என்று பழைய ஆட்கள் சொன்னால் அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தமிழ் மாதமும் கொல்லம் ஆண்டின் மாதமும் சூரியனை வைத்தே ஓடுகின்றன, அதனால் ஒரு மாதத் தேதி ஏறத்தாழ ஒரு திசையையும் குறித்துவிடும். நட்சத்திரங்களை வைத்து மாதத்தைத் தொடங்குவதால் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் நழுவும். தாத்தா சொன்ன மாசி பன்னிரண்டு பேரனுக்கு மாசி பதினொன்று. அவ்வளவே.

ஆனால் உத்தராயணத்தில் ஏமாறக் கூடாது. பஞ்சாங்கப்படி சூரியன் வடக்கே திரும்புவது தை முதல் நாள். வானத்தில் அது டிசம்பர் 21, 22லேயே திரும்பிவிடுகிறது. பொங்கல் வரை சூரியன் தெற்கே போய்க்கொண்டிருக்கிறது என்று எண்ணிக் காத்திருந்தால் கணக்கு மூன்று வாரத்துக்கு மேல் பிசகும்.

பால் வெட்டுகிற அண்ணன்

வெஞ்ஞாறமூடு பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் நம்மூர் அண்ணன் ஒருவருக்கு ஆப்பும் தெரியாது, கோசைனும் தெரியாது. விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார், ஒரே பாறை மேல் நின்றுதான் தினமும் முதல் பீடி. அந்தப் பாறையிலிருந்து மலை தெரியும். “இப்ப வலது பக்கம் தள்ளி வருது. மாசியில நேரா வரும், பாத்துக்க” என்பார்.

இந்த முறையின் பலம், பிழை நுழையும் வழிகளை எல்லாம் ஒரே அடியில் அடைத்துவிடுவது. வரைபடம் இல்லை, ஊசி இல்லை, உயரத் தரவு இல்லை, ஒளிவிலகல் கணக்கு இல்லை. நிஜ மலை, நிஜக் காற்று, நிஜப் பாறை. எந்த ஆப்பும் சொல்லாத ஒன்றும் அவருக்குத் தெரியும்: ரப்பர் இலை உதிர்த்து நிற்கும் ஜனவரியில் தோட்டத்தின் எந்த மூலையிலிருந்தும் மலை தெரியும். புதுத் தளிர் வந்து மூடிவிட்டால் அந்தப் பாறை மட்டும்தான்.

பலவீனமும் சின்னதில்லை. ஜனவரி நடுவில் அங்கிருந்து பார்த்தால் சூரியன் மலைக்கு வலதுபுறம், நீட்டிய கையில் மூடிய விரல்முட்டி அகலம் தள்ளி எழும்பும். அதாவது பத்து பதினோரு டிகிரி. அப்போது அது நாளொன்றுக்கு நகர்வது 0.18 டிகிரிதான், சூரிய அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. இதை வைத்து நேர்வகுத்தல் போட்டால் இன்னும் அறுபது நாள் ஆகும், மார்ச்சு நடுவில்தான் வரும் என்று விடை கிடைக்கும். உண்மையில் பிப்ரவரி 22ஐ ஒட்டியே வந்துவிடும், ஏனென்றால் சூரியன் வேகம் பிடித்துக்கொண்டே வருகிறது. பிப்ரவரியில் அது நாளுக்கு முக்கால் சூரிய அகலம் தாண்டும். ஆண்டாண்டாகப் பார்த்தவருக்கு இந்த வேகம் பழக்கத்தில் இருக்கும். புதிதாக வருபவர் கண்ணை மட்டும் நம்பினால் மூன்று வாரம் பிந்துவார். அதுவே பத்து நாளுக்கு முன்பிருந்து பார்த்தால் கண்ணளவே போதும்: முனைக்கும் சூரியனுக்கும் நடுவே எத்தனை சூரியன் அடங்கும் என்று எண்ணி, ஒரு நாளைக்கு முக்கால் என்று வகுத்தால் நாள் வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. முதல் கீற்று வந்தபின் வெறும் கண்ணால் உற்றுப் பார்க்க வேண்டாம், கேமராவின் ஒளியியல் கண்ணாடி வழியாகப் பார்க்கவே வேண்டாம். பைனாகுலர் பேச்சே கூடாது. எண்ணும் வேலையைப் போனில் எடுத்த படத்தை வைத்துப் பிற்பாடு செய்யலாம்.

ஆக, எதை எதற்கு?

மாதம் குறிக்க, எந்த ஊர் என்று தேர்ந்தெடுக்க, ஊசி ஆப். மலை தெரியுமா என்று பார்க்கப் பீக்ஃபைண்டர். அதன்பின் ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக அந்த இடத்துக்கே ஒரு காலை போய், சூரியன் எங்கே எழும்புகிறது என்று ஒரு படம் எடுத்து, அண்ணன் முறையில் நாளைத் திருத்திக்கொள்வது. இந்தக் கடைசி வேலையைச் சோம்பிக்கொண்டு விட்டவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். ஆப்பில் ஒரு நாள் தப்பியிருந்தால் இந்த ஒரு படம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரே ஒரு முறையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் தம்பியின் ஆப்பை விட்டுவிட்டு அண்ணனின் பாறைக்குத்தான் போவேன், ஆனால் பிப்ரவரி முதல் வாரத்துக்குப் பிறகு.

பத்மநாப சுவாமி கோயிலில் மார்ச்சு, செப்டம்பர் சமநாள்களில் மாலைச் சூரியன் கிழக்குக் கோபுரத்தின் வாசல்கள் வழியே நிலை நிலையாக இறங்குவதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. அங்கே இந்தப் பாடு எதுவும் இல்லை. கோபுரம் நேர்கிழக்கு மேற்காக நிற்கிறது, நாள் தானாகவே சமநாள். மலை யாருக்காகவும் திசை பார்த்து நிற்பதில்லை, அதனால் நாம்தான் நகர வேண்டும்.

நகர்வதற்கும் ஒரு விதி உண்டு, அது எந்த ஆப்பிலும் எழுதியிருக்காது. சூரியன் முனைக்கு வலதுபுறம் தப்பி எழும்பினால் நீங்கள் இடதுபுறம் நகருங்கள், இடதுபுறம் தப்பினால் வலதுபுறம். 47 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு நாள் தப்பு முந்நூறு மீட்டர் நடை. அதே தூரத்தில் சூரிய வட்டம் மலையின் 440 மீட்டர் அகலத்தை மறைக்கும். கிட்டே போகப் போக அந்த அகலம் சுருங்கும், ஆரியநாட்டில் 160 மீட்டர்தான். பெரிய சூரியன், சிறிய முனை என்று படம் வேண்டுமானால் தள்ளிப்போக வேண்டும். தள்ளிப்போனால் பிப்ரவரி மூடுபனியும் புகையும் மலையையே அழித்துவிடும். நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் சமரசம்.

கேரளப் பக்கமா, தமிழ்நாட்டுப் பக்கமா என்பது தனி வழக்கு. காலையில் மலை பெரும்பாலும் துலக்கமாக இருக்கும், மதியத்துக்கு மேல் மேகம் வந்து முனையில் படியும். அந்த வகையில் உதயம் கிடைக்கும் கேரளப் பக்கம் ஒரு படி மேல். அம்பாசமுத்திரத்துக் கோடு மார்கழியை ஒட்டி விழுகிறது. வடகிழக்குப் பருவமழை அடங்கியும் அடங்காமலும் இருக்கும் காலம் அது. ஆனால் சூரியன் திரும்பும் சமயம் என்பதால் பத்து நாள் முன்பின் ஆனாலும் திசை அரை டிகிரிகூட மாறாது. ஒரு நாள் மேகம் மறைத்தால் மறுநாள், அதுவும் போனால் அதற்கடுத்த நாள். ஆற்றிங்கலில் அந்தப் பேச்சே இல்லை, ஒரு நாள் போனால் முந்நூறு மீட்டர் நடக்க வேண்டும். அம்பாசமுத்திரத்தில் இன்னொரு தொல்லை, மலைக்குக் கிட்டே போய்விட்டால் முன்னால் நிற்கும் தொடரே அகத்தியர் முனையை மறைத்துவிடும்.

பிப்ரவரி நடுவில் இரண்டு பக்கமும் ஒன்றாக வருகிற ஒரு வாய்ப்பு இருக்கிறது. வர்க்கலையிலிருந்து மலை 102 டிகிரி திசையில். சேரன்மகாதேவியிலிருந்து 257 டிகிரி, அதாவது நேர்மேற்குக்கு ஏறத்தாழ அதே அளவு தெற்கே. ஆகவே மாசி பிறந்து மூன்று நாலு நாளில், காலையில் வர்க்கலைக்காரருக்கு அதே முனையில் உதயம், மாலையில் சேரன்மகாதேவிக்காரருக்கு அதே முனையில் மறைவு. காலைக் காட்சியை முடித்துவிட்டு நாகர்கோவில், ஆரல்வாய்மொழி வழியாக வண்டியை விட்டால் மாலைக்கு ஆற்றங்கரை வயலில் நின்றுவிடலாம். இரண்டு கோடும் ஒரு நாள் முன்பின் விழுந்தால் சேரன்மகாதேவியில் நகர வேண்டியது இருநூறு, இருநூற்றைம்பது மீட்டர். வயல் வரப்பு என்பதால் அதற்கு இடம் தாராளமாகவே இருக்கிறது.